விடுதலை கொடுத்த நேரம்

பீட்டர்ஸ்பர்க், வோல்கவ வெளி
1908 நவம்பர் 9

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய கணவர் எர்மலாய் சாவிச் அவர்களுக்கு,

உஸ்தீனியா தலை தாழ்த்தி எழுதுவது. நான் இங்கே உயிரோடும் உடம்பு சுகத்தோடும் இருக்கிறேன். நீங்களும் அந்த வடக்குக் குளிரில் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். தையல் கொட்டகையிலிருந்து கிளஃபீரா வணக்கம் சொல்லச் சொன்னாள். கயிறு பிடிக்கும் நாற்பது பேரும் ஆளுக்கொரு வணக்கம் சொன்னார்கள். நாற்பதையும் எழுதினால் தாள் தீர்ந்துவிடும், மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் இன்னொருவர் படிப்பார் என்று எனக்குத் தெரியும். உங்கள் முதல் கடிதம் பிரித்து ஒட்டிய அடையாளத்தோடு வந்தது. துணி ஒட்டிப் பிழைக்கிறவளுக்கு ஒட்டு தெரியாதா? மாவுப் பசை, அவசர வேலை, ஓரமெல்லாம் சுருக்கம். நடுவில் படிக்கும் ஐயா, உங்களுக்கும் என் வணக்கம். எங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதப் போகிறேன். என் வீட்டுக்காரருக்கு இது தெரிந்த கதை. உங்களுக்குத் தெரியவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் முகாமில் செய்த ஆகாயக் கப்பலுக்குப் பெயர் ‘பயிற்சி’. வேறு நல்ல பெயரே கிடைக்கவில்லையா என்று நான் கேட்டதற்கு, “பள்ளிக்கூடத்து சிலேட்டுக்கு யாராவது பேர் வைப்பாங்களாம்மா?” என்று கேப்டன் பெர்செனெவ் சிரித்தார். வெளிநாட்டிலிருந்து பெரிய கப்பல்கள் வாங்கப் போகிறார்கள். அவை வரும்போது ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் தெரிந்த ஆட்கள் வேண்டும். அதற்குள் கையில் இருப்பதை வைத்து ஒன்று செய்து பழகிக்கொள்ளலாம் என்பது திட்டம். கையில் இருந்தது இரண்டு பழைய ஜெர்மன் பலூன்கள், கயிற்றில் கட்டி மேலே நிறுத்தி வேவு பார்க்கிற மஞ்சள் பலூன்கள். நாங்கள் பன்னிரண்டு பெண்கள் அவற்றின் தையலைப் பிரித்து, வெட்டி, மறுபடி ஒட்டித் தைத்து, மூன்று ரயில் பெட்டி நீளத்துக்கு ஓர் உறை செய்தோம். அடியில் நீளமான ஒரு கூடை. அதில் பதினாறு குதிரைச் சக்தி மோட்டார். அந்தப் பதினாறில் பாதி நாள் பத்துக் குதிரை நொண்டி என்று மெக்கானிக் லூகிச் சொல்வார். சிப்பாய்கள் அதை வெள்ளரிக்காய் என்று கூப்பிட்டார்கள். பார்த்தால் முற்றிப் பழுத்த வெள்ளரிக்காய்தான்.

இனி, அதை மேலே விடுவது எப்படி என்று சொல்கிறேன் ஐயா. வாயு நிரப்பிய கப்பல் ஒரு நொடி சும்மா நிற்காது, மேலே போகத்தான் பார்க்கும். இரண்டு பக்கமும் இருபது இருபது பேர் கயிற்றைப் பிடித்து இழுத்து வைத்திருப்பார்கள். நாற்பது பேரும் ஒரே சமயத்தில் கையைத் திறக்கவேண்டும். ஒரு பக்கம் முந்தினாலும் கப்பல் சாயும். இதற்குப் பலூன் காலத்திலிருந்தே ஒரு கட்டளை இருக்கிறது. கேப்டன் கூடையிலிருந்து தலையை அசைப்பார், கயிற்று மேஸ்திரி உரக்கக் கத்துவார்: “விடுதலை... கொடு!” கப்பலுக்குத்தான் விடுதலை, வேறு யாருக்கும் இல்லை. முதல் சொல் நீண்டு வரும், அப்போது எல்லோரும் காலை ஊன்றிக்கொள்வார்கள். இரண்டாவது சொல் வெட்டினாற்போல வரும், அப்போது கை திறக்கும். அந்தக் கயிற்று மேஸ்திரிதான் என் வீட்டுக்காரர்.

எர்மலாய், உங்கள் தொண்டையைப் பற்றி நான் எழுதவேண்டுமா? கல்யாணத்தன்று பாதிரியாருக்கு நீங்கள் “சம்மதம்” என்று சொன்ன சத்தத்தில் மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது என்று உங்கள் அண்ணன் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார். செப்டம்பரில் கப்பல் முதல் தடவை தானாக ஒரு வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தபோது, உங்களைப் பிடித்து நிறுத்த நாலு பேர் வேண்டியிருந்தது. அதுவரை காற்று தள்ளிய பக்கம்தான் எதுவும் போயிருக்கிறது. போன இடத்திலிருந்து திரும்பி வருவதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டோம். நானும் அழுதேன். என் கை ஒட்டு அல்லவா அது?

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களை யார் டீக்கடைக்குப் போகச் சொன்னது? போனீர்கள், குடித்தது டீதான், அதை நான் நம்புகிறேன். கப்பல் கதையைச் சொன்னீர்கள், அதுவும் சரி. எப்படிக் கத்துவீர்கள் என்று எவனோ கேட்டால் பெஞ்சின் மேல் ஏறியா காட்டவேண்டும்? மூன்று வருஷத்துக்கு முன் அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டு தெருவில் இறங்கியவர்களுக்கு இந்த ஊரில் என்ன நடந்தது என்று குழந்தைக்கும் தெரியும். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை ஜனங்கள் வீட்டுக்குள்கூட உரக்கச் சொல்வதில்லை. உங்களுக்கு அது வேலைச் சொல், தச்சனுக்கு உளி மாதிரி. அவர்களுக்கு அப்படியில்லையே. நெசவு மில் ஆட்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றார்களாம். மூலையில் ஒரு பெரியவர் தேம்பித் தேம்பி அழுதாராம். “நான் வெள்ளரிக்காயப் பத்திதானடி சொன்னேன், அந்த மனுஷன் ஏன் அழுதாரு?” என்று வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டீர்கள். எனக்குக் கோபத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில் போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள்.

ஒரே ஒரு விஷயம் இன்னமும் மனதைக் குடைகிறது. பயணம் போகிறவர்கள் நல்லபடி திரும்பி வர, வாசலைத் தாண்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டுத்தானே போகவேண்டும்? கப்பல் ஏறும்போது கேப்டன்கூட மணல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டுத்தான் ஏறுவார். ஒரு நிமிஷம் அவரை உட்காரவிடுங்கள் என்று வந்தவர்களிடம் கெஞ்சினேன். நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். உட்காராமல் போன பயணம் ஆயிற்றே என்று நினைக்காத நாளில்லை.

இப்போது இங்கே நடந்தது. நீங்கள் போன இரண்டாம் நாள், சாலையில் போகிறவர்கள் காதில் விழும்படி அந்தச் சொல்லை இனிக் கத்தக்கூடாது, ‘விடு’ என்று மட்டும் சொன்னால் போதும் என்று முகாமுக்கு ஓர் ஆணை வந்தது. அதற்கு மூன்று வாரம் கழித்து விசாரணைக்காரர்களிடமிருந்து கடிதம். அப்படி ஒரு கட்டளை உங்கள் முகாமில் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். குமாஸ்தா நீலிச் ‘இல்லை’ என்று பதில் எழுதி முத்திரையும் குத்திவிட்டார். நான் போய் அவர் மேஜை முன்னால் நின்று கத்தினேன். “நான் என்னம்மா பண்றது? இருக்கா-ன்னு கேட்டாங்க, இல்ல-ன்னு எழுதினேன். இருந்துச்சா-ன்னு கேக்கலயே!” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஒற்றைச் சொல்லால் உங்களுக்கு வடக்கே வோலக்தா மாகாணத்தில் மூன்று வருஷம் ஊர்விலக்கு. கேப்டன் நேரிலேயே போய்ச் சொல்லிப் பார்த்தார். வாயால் சொன்னால் போதாது, தாள் வேண்டும் என்று அனுப்பிவிட்டார்களாம்.

புதிய கட்டளையின் லட்சணத்தையும் கேளுங்கள். ‘விடு’ என்பது கண் இமைப்பதற்குள் முடிந்துபோகிற சொல். அக்டோபரில் அதைச் சொன்னபோது இடது பக்கம் விட்டது, வலது பக்கம் “என்னது?” என்று திரும்பிப் பார்த்தது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்ப, வலது பக்கம் நின்ற குஸ்மா கயிற்றோடு கூரை உயரத்துக்குப் போய் முட்டைக்கோஸ் தோட்டத்தில் விழுந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. “மேஸ்திரி இருந்திருந்தா நான் பறந்திருப்பேனா?” என்று கட்டோடு உட்கார்ந்து கேட்கிறான்.

காலில் கம்பளியைச் சுற்றிக்கொள்ளுங்கள். தொண்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அங்கே அதை உபயோகிக்காதீர்கள். கடவுள் உங்களைக் காக்கட்டும்.

உங்கள் மனைவி,
உஸ்தீனியா


வோல்கவ வெளி
1909 மே 3

அன்புள்ள எர்மலாய் சாவிச் அவர்களுக்கு,

ஈஸ்டர் வாழ்த்து தாமதமாக வருகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். ரொட்டி செய்தேன், முட்டைக்குச் சாயம் போட்டேன், உங்கள் பங்கை குஸ்மாவுக்குக் கொடுத்தேன். அவன் தோள் சேர்ந்துவிட்டது. மறுபடியும் கயிறு பிடிக்க வந்துவிட்டான், அதே வலது பக்கம். நடுவில் படிக்கும் ஐயாவுக்கும் பண்டிகை வாழ்த்து. இந்தத் தடவை உங்கள் ஒட்டு பரவாயில்லை.

பனிக்காலம் முழுவதும் வெள்ளரிக்காய் கொட்டகையில் மடித்துக் கிடந்தது. மார்ச்சில் அதை நடுவில் குறுக்காக வெட்டினோம். பெரிய மோட்டார் வைக்கப் போகிறார்களாம், அதற்கு வாயு அதிகம் வேண்டும், ஆகவே நடுவில் ஒரு பட்டை கூட்டித் தைக்கவேண்டும். கர்ப்பிணிக்குச் சட்டை பெரிதாக்குகிற மாதிரி இருக்கிறது என்று கிளஃபீரா சொன்னாள். போன வருஷம் நான் தைத்த தையலை நானே பிரித்தேன்.

தைத்து முடித்ததும் ஓட்டை பார்க்கும் வேலை. நடுவில் படிக்கும் ஐயாவுக்காகச் சொல்கிறேன்: வாயு நிரப்புவதற்கு முன் விசிறி வைத்து உறைக்குள் வெறும் காற்றை நிரப்புவோம். பிறகு கம்பளி பூட்ஸ் போட்டுக்கொண்டு, கொண்டை ஊசியைக்கூட எடுத்து வைத்துவிட்டு, ஒருத்தி உள்ளே போவாள். உள்ளே மஞ்சள் இருட்டு. எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே வெளியே உள்ள பகல் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். நீளக் குச்சியில் கட்டிய சுண்ணாம்புக்கட்டியால் அந்த இடத்தில் வட்டம் போடவேண்டும். அப்புறம் ஒட்டுப் போடுவோம். எனக்குக் கண் கூர்மை என்பதால் இந்த வேலை எப்போதும் எனக்குத்தான்.

போன செவ்வாய்க்கிழமை நான் உள்ளே இருக்கும்போது கேப்டனும் பூட்ஸ் மாற்றிக்கொண்டு உள்ளே வந்தார். அங்கே மெல்லப் பேசினால் வெளியே யாருக்கும் கேட்காது. இதை விட்டால் சமயம் கிடைக்காது என்று உங்கள் விஷயத்தைக் கேட்டேன். தாள் இல்லையா, ஒரு துண்டுத் தாள்கூடவா இல்லை என்றேன். அவர் உள்ளே வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “தாள் இருக்கும்மா. கப்பல் நோட்டு இருக்கே” என்றார்.

எர்மலாய், ஒவ்வொரு தடவை கப்பல் ஏறும்போதும் கேப்டன் ஒரு நோட்டில் எழுதுவாரே, தேதி, காற்று, ஆட்கள் என்று? அந்த நோட்டு பலூன் காலத்திலேயே அச்சடித்து வந்ததாம். அதில் ஒரு கட்டத்தின் தலைப்பு என்ன தெரியுமா? ‘விடுதலை கொடுத்த நேரம்’! அச்சில் இருக்கிறது, அரசாங்கத்து அச்சில்! உங்களை எதற்காக அனுப்பினார்களோ அந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து சிரிக்கவேண்டும் போலவும் இருந்தது, அழவேண்டும் போலவும் இருந்தது.

அதைக் கொடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். “கப்பல் வேலையில இருக்கற வரைக்கும் அந்த நோட்டு ராணுவ ரகசியம். நான் அதிலேர்ந்து ஒரு வரி வெளியில கொடுத்தா, உன் வீட்டுக்காரர் பக்கத்து அறைக்கு நானும் போயிருவேன். கப்பலப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்கன்னா அது வெறும் பழைய நோட்டு. அப்பத் தரேன்” என்றார். எப்போது எடுப்பார்கள் என்று கேட்டேன். அவர் உறையைத் தட்டிப் பார்த்துச் சொன்னார்: “உன் ஒட்டு இருக்கே, அது லேசுல விடாது. இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்!” பாராட்டத்தான் சொன்னார், பாவம். அவர் போய்விட்டார்.

அப்புறம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். கிளஃபீரா எழுதாதே என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் நடுவில் படிக்கும் ஐயா இதையும் படித்தால்தான் மற்றதை நம்புவார் என்று எனக்குத் தோன்றுகிறது.

புதிதாகத் தைத்த பட்டைக்கு மேலே, என் தலைக்கு நேராக, ஒரு புள்ளி தெரிந்தது. கடுகில் பாதிகூட இருக்காது. குச்சியைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. இந்த ஒன்றை விட்டுவிட்டால் என்ன என்று நினைத்தேன். வாயு மெதுவாகத்தான் கசியும். கப்பல் சீக்கிரம் சீக்கிரம் இறங்கும். பழைய துணி, இனி உதவாது என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். நோட்டு என் கைக்கு வந்துவிடும். யாருக்கும் அடிபடாது, யாருக்கும் தெரியாது. இப்படி எனக்கு நானே வக்கீல் மாதிரி பேசிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே விசிறி சுற்றுகிறவர்கள், “ஏண்டி உஸ்தீனியா, உள்ளயே குடும்பம் நடத்தறியா?” என்று கத்தினார்கள்.

வெளியே குஸ்மா யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது துணி வழியாகக் கேட்டது. சீக்கிரம் இறங்குகிற கப்பல் யார் தலையில் இறங்கும்? கீழே கயிறு பிடித்து நிற்பவர்கள் தலையில். நீங்கள் நாற்பது முகமும் உங்களைப் பார்க்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பீர்கள். நான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவதற்காக அந்த நாற்பது பேரில் ஒருவனை விட்டுவிட்டேன் என்று தெரிந்தால், வந்த பிறகு என் முகத்தைப் பார்ப்பீர்களா? வட்டம் போட்டேன். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிய வட்டமாகப் போட்டேன். வெளியே வந்து நானே ஒட்டுப் போட்டேன், ஒன்றுக்கு இரண்டாக.

நடுவில் படிக்கும் ஐயா, நினைத்ததற்குத் தண்டனை உண்டா என்று எனக்குத் தெரியாது. உண்டென்றால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வட்டம் போட்டதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

எர்மலாய், என் கை செய்த வேலை இரண்டு வருஷம் தாங்கும், உங்களுக்கு மிச்சம் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். கணக்குப் பார்த்தால் அந்த நோட்டால் நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்கு உங்கள் மேல் கோபமெல்லாம் போய்விட்டது. அறையில் சத்தமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கடவுள் துணை இருக்கட்டும்.

உங்கள்,
உஸ்தீனியா


வோல்கவ வெளி
1909 அக்டோபர் 11

அன்புள்ள எர்மலாய்,

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவே இல்லை. நடுவில் படிக்கும் ஐயாவுக்கு வேலை மிச்சம். ஏனென்றால் இந்தத் தடவை பாதிக் கடிதம் அவருக்குத்தான்.

பிரான்ஸிலிருந்து வாங்கிய பெரிய கப்பல் வந்துவிட்டது. அதன் கூடையே நம் கொட்டகை மாதிரி இருக்கிறது. வெள்ளரிக்காயின் மேல் யாரும் புதுச் செலவு செய்யப் போவதில்லை என்று ஆகஸ்டிலேயே பேச்சு. ஒட்டு விட்டுப் போகவில்லை, துணி கிழியவில்லை. பழகவேண்டியவர்கள் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். பாடம் முடிந்தால் சிலேட்டைத் துடைத்துவிடுகிறோம் அல்லவா? கோடையில் எட்டுத் தடவை ஏறியது. ஒரு தடவை நகரத்துக் கூரைகளுக்கு மேலே போய் வந்தது. யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அந்த இரட்டை ஒட்டு கடைசிவரை அசையவில்லை.

கடைசியாக ஏறியது செப்டம்பர் 20. கேப்டனும் லூகிச்சும் மணல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டுக் கூடையில் ஏறினார்கள். நாற்பது பேரும் கயிற்றில். உங்கள் இடத்துக்கு வந்த புது மேஸ்திரி, வாத்துக் குரல்காரன், கேப்டன் முகத்தைப் பார்த்தான். கேப்டன் அவனை வாயை மூடிக்கொள்ளும்படி கையைக் காட்டினார். பிறகு தலையை மட்டும் அசைத்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் கொட்டகை வாசலில் நின்று பார்த்தேன். நீங்கள் முதல் சொல்லை இழுப்பீர்களே, அவ்வளவு நேரம் எல்லோரும் காலை ஊன்றி நின்றார்கள். நீங்கள் இரண்டாவது சொல்லை வெட்டுவீர்களே, அந்த இடத்தில் நாற்பது கையும் ஒன்றாகத் திறந்தது. ஒரு விரற்கடைகூடச் சாயாமல் கப்பல் நேராக மேலே போனது. அது போய்த் திரும்பி வருகிற வரைக்கும் குஸ்மா என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு முகம் காட்ட அவனுக்குத் தைரியம் இல்லை, அழுதுகொண்டிருந்தான்.

அதற்கு அடுத்த வாரம் கப்பலைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். நான் நேராக நீலிச்சிடம் போனேன். நோட்டை ஆவண அறைக்கு அனுப்பினால் என் ஆயுசில் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் ஒரு தாளை முன்னால் தள்ளினார். உதவாத பொருள்களின் பட்டியல். மோட்டார் ஒன்று, கயிறு இத்தனை, துணித் துண்டுகள் இத்தனை என்று வரிசையாக வந்து, கடைசியில் இப்படி எழுதியிருந்தது: ‘பழைய நோட்டு ஒன்று, உபயோகத்துக்கு லாயக்கில்லை, துணி வெட்டும் மாதிரிக்கான தாளாகத் தையல்காரி உஸ்தீனியாவிடம் கொடுக்கப்பட்டது.’ கேப்டன் கையெழுத்து, முகாம் முத்திரை, எல்லாம் இருந்தது. “என்ன பாக்கற? கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போ. போன வருஷம் கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதினேன். இப்போ யாரும் கேக்கல, நானா எழுதினேன்” என்றார். அந்த மனிதர் கையை முத்தமிட்டுவிட்டேன். அவர் வெட்கப்பட்டு மைக்கூட்டைக் கொட்டிவிட்டார்.

இருபத்து மூன்று வரிகள், எர்மலாய். ‘விடு’ என்று மாற்றிய பிறகும் கேப்டன் அந்த அச்சடித்த கட்டத்தில்தான் நேரத்தை எழுதி வந்திருக்கிறார். கடைசி வரியும் அப்படித்தான்: செப்டம்பர் 20, காற்று மேற்கு, மெல்லியது, ஆட்கள் இருவர், விடுதலை கொடுத்த நேரம் 11 மணி 10 நிமிஷம், திரும்பியது 11 மணி 52 நிமிஷம். அந்த நோட்டையும், உங்களை விடச் சொல்லி ஒரு மனுவையும் நானே கொண்டுபோய் விசாரணைக்காரர்கள் அலுவலகத்தில் கொடுத்தேன். இருந்துச்சா என்று நீங்கள் கேட்கவில்லை, நான் பதில் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். வாங்கி வைத்த அதிகாரி பக்கத்தைப் புரட்டினார், தலைப்பைப் படித்தார், இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சிரிக்கவில்லை. அதுவே நல்ல சகுனம் என்று கிளஃபீரா சொல்கிறாள். மனு உங்கள் மாகாணத்துக்கு வரும், அங்கே உள்ளவர் அபிப்பிராயம் எழுதி அனுப்பவேண்டும், அதன்மேல் முடிவு என்று சொன்னார்கள்.

அங்கே உள்ளவர் யார் என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக என் கடிதத்தைப் படிக்கிறவர். ஐயா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. என் வீட்டுச் சங்கதி எல்லாம் உங்களுக்குத் தெரியும். என் கணவர் எதற்காகக் கத்தினார் என்பதும், நான் எந்த இடத்தில் தடுமாறினேன் என்பதும் தெரியும். நோட்டின் இருபத்து மூன்று வரிகளையும் நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கீழே அதே கட்டங்களில் இன்னொரு வரி கோடு போட்டிருக்கிறேன். எண் 24. ஆள் ஒருவர், எர்மலாய் சாவிச். தேதி, காற்று, நேரம் மூன்றும் காலியாக இருக்கின்றன. அந்த நேரக் கட்டத்தின் தலைப்பை நான் என் கையால் எழுதவில்லை. மனுவோடு வரும் நோட்டில் அது அச்சில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். நிரப்பவேண்டியது உங்கள் பேனா.

எர்மலாய், துணி மூட்டையில் இரண்டு ஜோடி காலுறையும் உலர்ந்த காளானும் இருக்கின்றன. மூட்டையைச் சுற்றியிருக்கிற மஞ்சள் துணி உதவாத துண்டுகளில் ஒன்று, மழைக்குத் தாங்கும். அதில் ஒரு பெரிய சுண்ணாம்பு வட்டமும், நடுவில் இரட்டை ஒட்டும் தெரியும். அதைப் பிரிக்காதீர்கள், பிரிக்கவும் வராது.

கையெழுத்தாகி வந்துவிட்டதென்றால் ஓடி வந்துவிடாதீர்கள். போன தடவை மாதிரி வேண்டாம். வாசலைத் தாண்டுவதற்கு முன், எவர் அவசரப்படுத்தினாலும், ஒரு நிமிஷம் உட்காருங்கள். பேசாமல் உட்காருங்கள். அது எந்த நாள், எந்த நிமிஷம் என்று எனக்குத் தெரியாது. அதனால் நான் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் உங்கள் பெட்டியின் மேல் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். ஏதாவது ஒரு நாள் சரியாகப் பொருந்தும்.

இப்போதும் அதன்மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்,
உங்கள் உஸ்தீனியா